இரைச்சலுக்குள் ஒரு குரல்

“காது கேட்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை.” கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவர் இப்படிச் சொன்னால், காது மிஷினில் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வதே வழக்கம். மிஷின் சத்தத்தைக் கூட்டினால் எதிரில் இருப்பவரின் பேச்சோடு மேளச் சத்தமும் பந்தி ஆரவாரமும் சேர்ந்தேதான் ஏறும். அவருடைய சிக்கல் ஒலியின் அளவில் இல்லை. கலந்து வரும் ஒலிகளைப் பிரிப்பதில் இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி காதைத் தாண்டி மூளைக்குள் நடக்கிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் செரி 1953இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரே குரலில் பதிவான இரண்டு பேச்சுகளைக் கலந்து ஒலிக்கவிட்டபோது கேட்டவர்கள் திணறினார்கள். காதுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்ததும் ஒன்றைச் சுலபமாகத் திருப்பிச் சொன்னார்கள். கவனிக்காத காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியது தெரிந்தது. ஆனால் அங்கே பேசப்பட்டது எந்த மொழி என்றுகூட அவர்களால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் குரல்கள் இப்படிக் காதுக்கு ஒன்றாகப் பிரிந்து வருவதில்லை. ஆனாலும் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதுக்குச் சற்றுத் தாமதமாகச் சேர்கிறது. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மூளைத்தண்டு கண்டுபிடித்து, குரல் வரும் திசையைப் பிரித்துவிடும். அப்படியானால் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் இருவர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஓரளவு புரிகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திசை ஒரு தடயம் மட்டுமே. குரலின் சுருதி, இரைச்சல் கண நேரம் தணியும் இடைவெளிகள், மொழிப் பழக்கம் எல்லாமே துணைக்கு வருகின்றன. ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்தொலியை வெட்டிவிட்டு அங்கே இருமலை வைத்தார் ரிச்சர்ட் வாரன் (1970). கேட்டவர்களுக்கு அந்த எழுத்து விடுபட்டதே தெரியவில்லை!

எல்லாம் மூளையின் வேலை என்றால், புரியாதவர் கவனக்குறைவானவரா? இல்லை. மூளைக்குத் துல்லியமான தகவல் போய்ச் சேர வேண்டும். 2009இல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளைச் சில மணி நேரம் பலத்த இரைச்சலில் வைத்தார்கள். கேட்கும் திறன் மீண்டது, செவியின் மயிர்ச் செல்களும் பிழைத்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் ஏராளமானவை அழிந்துபோயிருந்தன. மனிதருக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனாலும், அமைதியான அறையில் ‘பீப்’ ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் சோதனையில் தேறியவருக்கும் கூட்டத்தில் பேச்சு புரியாமல் போகலாம் என்பதை மறுப்பதற்கில்லை. இரைச்சலோடு பேச்சைக் கேட்கவைத்துப் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

புதிய மிஷின்கள் முன்னாலிருந்து வரும் ஒலியைத் தூக்கிக் கொடுக்கின்றன, பயன் உண்டு. ஆனால் எதிரே இருவர் சேர்ந்து பேசினால், யாரைக் கேட்க விரும்புகிறோம் என்பது மிஷினுக்குத் தெரியாது. மூளைக்குத் தெரியும். 2012இல் நீமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனை பொருத்தப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இருவர் பேச்சில் கவனித்தவருடையதே அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தேர்வை மிஷினுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் இப்போது ஆய்வு நடக்கிறது. அதுவரை அந்தப் பெரியவரின் எதிரே, உதடு தெரியும்படி உட்கார்ந்து பேசலாம். இரைச்சல் கூடக் கூட உதட்டசைவு தரும் உதவியும் கூடுகிறது என்பது 1954லேயே சோதனையில் தெரிந்துவிட்டது.