விற்ற வீட்டின் வரைபடம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்றால் ஏரிகளும் வயல்களும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் தொழிற்பேட்டையும் தொழிற்சாலைகளும் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து மக்கள் வந்தனர். இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்த வண்ணம் உள்ளன. அவற்றுள் பல, கட்டி முடியுமுன்பே விற்கப்படுகின்றன. வாங்குவோர் பார்ப்பது வீட்டையன்று, ஒரு வரைபடத்தையே.

அம்பத்தூரில் ஒருவர் அவ்வாறு ஒரு வீட்டிற்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார் எனக் கொள்வோம். வரைபடத்தில் அவர் வீட்டின் எதிரே ஒரு பூங்கா இருக்கிறது. ஈராண்டு கழித்துச் சென்று பார்த்தால், அங்கே மற்றொரு கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். கேட்டால், “திருத்திய வரைபடத்திற்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருக்கிறது, ஐயா!” என்கிறார் கட்டுநர். இவ்விடை போதுமா?

போதாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். ‘ரெரா’ என்று செய்தித்தாள்களில் நீங்கள் படிப்பது இதைத்தான். இதன் 14-ஆம் பிரிவு மாற்றங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒருவருடைய வீட்டின் உள்ளமைப்பிலோ வசதிகளிலோ மாற்றம் செய்ய அவருடைய முன்னிசைவு வேண்டும். வாங்கியவரே கேட்கும் சிறு மாற்றத்திற்குத் தடையில்லை. கட்டட அமைப்பு நோக்கித் தேவைப்படும் சிறு மாற்றமாயின், தகுதி பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ பரிந்துரைத்து, வாங்கியவருக்கும் அறிவித்தல் வேண்டும். ‘சிறு மாற்றம்’ என்னும் சொல்லில் யானையையே நுழைத்துவிடலாம் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர் போலும்! பரப்பைக் கூட்டுவதும், உயரத்தை மாற்றுவதும், சுவரையோ தூணையோ அகற்றுவதும் சிறு மாற்றம் ஆகா என்று விளக்கமும் சேர்த்தனர்.

பூங்கா, பாதை போன்ற பொது இடங்களையும் மொத்த வரைபடத்தையும் மாற்றுவது இரண்டாம் வகை. இதற்கு வாங்கியோருள் மூன்றில் இரண்டு பங்கினரேனும் முன்கூட்டி எழுத்து மூலம் இசைய வேண்டும். இங்கே ஒரு சிறு கணக்கு. மொத்தம் 60 வீடுகள். விற்காத 10 வீடுகள் கட்டுநருடையவை. அவற்றிற்கு வாக்கு இல்லை. ஒரே குடும்பத்தார் 6 வீடுகள் வாங்கியிருந்தாலும் ஒருவராகவே எண்ணப்படுவர். எஞ்சிய 44 வீடுகளை ஆளுக்கொன்றாக 44 பேர் வாங்கியுள்ளனர். ஆக 45 பேர். அவர்களுள் 30 பேரின் இசைவு தேவை.

அலுவலக அனுமதி மட்டும் காப்பாற்றாது என்பதை, தில்லியை அடுத்த நொய்டாவில் நடந்தது காட்டும். சூப்பர்டெக் நிறுவனம் அங்கே ‘எமரால்டு கோர்ட்’ என்னும் குடியிருப்பைக் கட்டியது. முதல் வரைபடத்தில் பசுமை வெளியாகக் காட்டிய இடத்தில், பின்னர் வரைபடத்தைத் திருத்தி, இரு கோபுரங்களை எழுப்பியது. நொய்டா அதிகாரிகள் அனுமதியும் அளித்திருந்தனர். குடியிருந்தோரின் இசைவையோ எவரும் கேட்கவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். அங்கு பொருந்தியது உத்தரப் பிரதேசத்தின் அடுக்குமாடிச் சட்டம். எழுந்த கேள்வி மட்டும் நம் அம்பத்தூர் நண்பருடையதே. கோபுரங்களை இடிக்குமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2021 ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதிகாரிகள் கட்டுநரோடு கைகோத்தனர் என்றும் தீர்ப்புக் கண்டித்தது. 2022 ஆகஸ்டு 28 அன்று, ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்து நின்ற அக்கோபுரங்கள் சில நொடிகளில் மண்மேடாயின.

இன்னும் ஒரு சூழ்ச்சி உண்டு. ‘வரைபடத்தில் எம்மாற்றம் செய்யினும் எனக்கு ஆட்சேபமில்லை’ என்னும் வரி ஒப்பந்தத்தின் நடுவே பொடி எழுத்தில் புதைந்திருக்கும். மகாராட்டிரத்தின் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கொன்றில், இத்தகைய ஒட்டுமொத்த இசைவு இசைவாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எம்மாற்றம் என்று தெரியாமல் எதற்கு இசைவது? 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, எந்த ஒப்பந்தம் எவ்வாறு கூறினும் தன் விதியே செல்லும் என்கிறது.

விதியை மீறிய கட்டுநர்மீது சென்னையிலுள்ள ஒழுங்குமுறைக் குழுமத்திடம் முறையிடலாம். திட்ட மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. பதிவு பெற்ற திட்டங்களின் விவரங்கள் குழுமத்தின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் தந்தையார் முன்பணம் கொடுக்கப் புறப்படுமுன், அங்குள்ள அனுமதி பெற்ற வரைபடத்தை விளம்பரத் தாளோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் நீச்சற்குளம் இருந்து வரைபடத்தில் இல்லையென்றால், கட்டுநரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி கிடைத்துவிட்டது.