உம்மாவின் நாரிநோவும் உப்பளத்து மடையும்

கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “உம்மாவுக்குப் பல வருசமாக நாரிநோ, தலையிடி. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் உம்மா நடிக்கிறாவா?”

இல்லை. அந்த நோ உண்மையானது. அதைப் புரிந்துகொள்ள, உங்கள் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குவோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். அதைச் சுமந்து வந்தவர்களுக்கு நான் வரலாறு சொல்லத் தேவையில்லை. 2011இல் செஸ்மல் சிறிவர்தனவின் ஆய்வுக் குழு இம்மக்களின் 141 குடியிருப்புகளிலிருந்து 450 பேரைத் தெரிந்தெடுத்து விசாரித்தது. 18.8 சதவீதமானோருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. அதிகம் தென்பட்டது உடல்நோவாக வெளிப்படும் வகை: 14 சதவீதம். போர் என்றதும் எல்லோரும் சொல்லும் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்தம்’ 2.4 சதவீதம்தான். இருபது வருடம் கழித்து எடுத்த கணக்கு இது. முதல் வருடங்களின் நிலையை இதிலிருந்து அறிய முடியாது. ஆனாலும் ‘ஒரு தலைமுறையே மனவடுவில்’ என்று தலைப்புப் போடுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, கவலை எப்படி நாரியில் நோகிறது? 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் ‘வாயில் கோட்பாடு’ ஒன்றைச் சொன்னார்கள். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. உடம்பிலிருந்து வரும் நோச் செய்தி நேரே மூளைக்குப் போவதில்லை. முள்ளந்தண்டில் ஒரு மடை இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புகள் அந்த மடையைத் திறக்கும், அடைக்கும்.

புத்தளத்து உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மடை வழியாக வரும் களப்புத் தண்ணீர் வெறும் உவர்நீர்தான். உடம்பு நாள் முழுக்க அனுப்பும் சின்னச் சின்ன உளைவுகளும் அப்படித்தான். மடை அளவாக இருந்தால் அவை தெரிவதேயில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு, வேலை, காணி உறுதி என்று வருடக்கணக்கில் பயந்திருக்கும் மூளை, ஆபத்தைத் தவறவிடக் கூடாதென்று மடையை விரியத் திறந்து வைக்கிறது. தண்ணீர் வந்துகொண்டேயிருக்கிறது, வெயில் காய்கிறது, பாத்தி இறுகுகிறது. உப்பு படிய முன்னரே ஜிப்சம் படியும், தெரியுமா? பலருக்கு அழுகை வர முன்னரே நாரி நோவதும் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: உப்பை வாரிவிடலாம், ஆனால் நெடுங்காலம் திறந்தே கிடந்த மடைப்பலகை பிறகு இலகுவில் மூடாது. நரம்புகளே கூருணர்வு பெற்றுவிடும். ஸ்கேனில் தெரிவது எலும்பும் தசையும். மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அதில் விழாது.

உடல்நோவும் மனநோவும் பின்னிக் கிடப்பது தமிழுக்கு முன்பே தெரியும்போல. காலுக்கும் உளைச்சல், மனதுக்கும் உளைச்சல். நோவது இடுப்பும்தான், மனமும்தான்.

அதே ஆய்வில் வேலையில்லாதோர், துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ளோர் ஆகியோரிடமே கோளாறுகள் கூடுதலாக இருந்தன. எது காரணம், எது விளைவு என்பதை ஒருமுறை எடுத்த கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆலோசனைக் கூட்டம் நடத்த வருபவர்கள் முதலில் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கட்டும்.

சகோதரி, அடுத்த முறை கிளினிக் போகும்போது நோவோடு சேர்த்து உம்மாவின் தூக்கத்தையும் வீட்டுக் கவலையையும் டொக்டரிடம் சொல்லுங்கள். புதிதாக நெஞ்சு நோவோ மெலிவோ வந்தால் இந்தக் கட்டுரையை நம்பி இருந்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.