வீட்டு மோட்டார்ப் பட்டறை

கல்லூரியின் விழா மலரிலே மோட்டார்ப் பட்டறையைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என்று ஐயுறுவாரும் உளர். ஆயினும் எம் பழைய மாணவர் பலரின் வளவிலே, மாமரத்தின் கீழோ கிடுகுக் கொட்டிலிலோ, தந்தையாரோ பாட்டனாரோ ஓட்டிய மொறிஸ் மைனர் ஒன்று, அன்றேல் ஒஸ்ரின் ஏ-40 ஒன்று நிற்கின்றது. அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன. சில, புதுப்பிக்கும் ஆசையோடு கழற்றப்பட்டு, கழற்றியபடியே கிடக்கின்றன. எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோடு, பின்னாசனத்திலே கோழி அடை கிடக்கும். ஓடாது நின்ற காரை ஓட்டிவிடலாம். கழற்றிப் போட்ட காரைத் திரும்பப் பூட்டுவதே அரிது. பணமில்லாமையே இதற்குக் காரணம் என்பர். நாம் கண்ட அளவில், பணம் தீருமுன்னரே பட்டறையின் ஒழுங்கு தீர்ந்துவிடுகின்றது. ஆகவே, 1953ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றைக் கழற்றி மீளப் பூட்டிய காலத்திலே எம் வீட்டுப் பட்டறையை எவ்வாறு அமைத்தோம், எங்கெங்கே பிழைவிட்டோம் என்பதை ஈண்டு எழுதுகின்றோம்.

இக்கார்கள் வந்த வழியைச் சிறிது சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கத்திலே உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. ஏனைய ஊர்களிலே இவை காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும் யாழ்ப்பாணத்திலே உழைத்துக்கொண்டிருந்தமைக்குக் காரணம் எமது ஆசையன்று, இடர்ப்பாடே. 1990 முதலாக வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளிலே இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடாக்கிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறினால் ஆகும். இப்பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 மாத்திரமே ஆதலால், அந்த மட்டமான எரிபொருளையும் அவை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஓயிலிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஓயில் பெயரிங்குகளைக் காக்காது. அந்தக் காலத்தைக் கண்ட எஞ்சின் இன்று நன்றாக ஓடுவதுபோலத் தோன்றினும், திறந்து அளந்து பார்க்காமல் நிறம் பூச முற்படுவது வீண்செலவு.

நிற்க, இடத்துக்கு வருவோம். மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி 1 அங்குலம். கதவைத் திறந்து சுற்றி நின்று வேலை செய்வதற்கு 20 அடிக்கு 12 அடி போதும் என்று எண்ணிக் கொட்டில் போட்டோம். பூட்டிய காருக்கு அது போதும். கழற்றிய கார் இரண்டு காரின் இடத்தைப் பிடிக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மட்காட்டும் பொனற்றும் ஆசனங்களும் விறாந்தைக்கு வந்தன. அங்கிருந்து விருந்தினர் அறைக்கு. வீட்டிலுள்ளோரின் பொறுமைக்கும் எல்லையுண்டு. கழற்றத் தொடங்குமுன்னரே சுவரோரம் உயரமாகத் தட்டடித்து வைப்பது நன்று.

கூரை கிடுகாயின் அதன் கீழே வெல்டிங் வேலையும் அரைகல் வேலையும் கூடவே கூடா. ஒரு பொறி போதும். நாம் கூரையைத் தகரத்துக்கு மாற்றினோம். வெயிலிலே வெந்தோமேயன்றி எரியவில்லை. காரின் கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பதற்குக் கிடங்கு வெட்டுவது பழைய வழக்கம். எமது கிடங்கு கார்த்திகை மழையிலே கிணறாயிற்று. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. பள்ளத்திலே இறங்கித் தங்கும். மின்விளக்கோடு அக்கிடங்கினுள் இறங்குபவர் என்னவாவார் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. கிடங்கை மூடி, முழுத் தரைக்கும் மட்டம் பார்த்துச் சீமெந்து போட்டோம்.

இம்மட்டம் பார்க்கும் வேலையை முதலிற் செய்யாததால் வந்த வினையையும் சொல்லிவிடுகின்றோம். தொடக்கத்திலே மண்தரையில் ஜக்கை வைத்துக் காரின் பின்பக்கத்தை உயர்த்தினோம். முதல் நாள் மழை பெய்திருந்தது. ஜக்கின் அடி ஒரு பக்கமாகப் புதைந்து சரிய, கார் இறங்கியது. காரின் கைப்பிறேக் பின்சில்லுகளை மாத்திரமே பிடிக்கும். பின்பக்கம் உயர்ந்தால் அது இருந்தும் இல்லாததே. முன்சில்லுகளுக்கு அணையும் வைத்திருக்கவில்லை. கழற்றிய சில்லைத் தற்செயலாகக் காரின் கீழே படுக்கையாகத் தள்ளிவைத்திருந்தோம். இறங்கிய கார் அதன்மீது அமர்ந்தது. கீழே படுத்திருந்தவருக்குத் தோளிலே சிராய்ப்போடு போயிற்று. அன்று முதல் ஜக்கு உயர்த்துவதற்கு மாத்திரம், தாங்குவதற்கன்று. உயர்த்தியதும் இருபுறமும் இரும்புத் தாங்கிகள். தரையிலே நிற்கும் சில்லுகளுக்கு மரக்கட்டை அணை. கழற்றிய சில்லு காரின் கீழே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எம் பட்டறையிலே எவரும் காரின் கீழே போவதில்லை.

இனிக் கருவிகள். ஸ்பானர் வாங்குபவர் பெரும்பாலும் கடையிலே கிடைக்கும் மில்லிமீற்றர்த் தொகுதியை வாங்கிவந்து, பழைய காரின் நட்டுகளைக் கெடுத்துவிடுகின்றனர். இவ்வகைக் கார்களின் எஞ்சினிலுள்ள போல்ட்டுகளிற் பெரும்பாலானவை யூ.என்.எவ். என்னும் அங்குலப் புரி உடையன. அவற்றுக்கு ஏ.எவ். என்று பொறித்த ஸ்பானர் வேண்டும். அதிலே காணும் எண் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையேயுள்ள அகலம். 1/4 அங்குலப் போல்ட்டுக்கு 7/16, 5/16 போல்ட்டுக்கு 1/2, 3/8 போல்ட்டுக்கு 9/16 என்பது கணக்கு. 1/2 அங்குலம் 12.7 மி.மீ. ஆகும். அதற்கு 13 மி.மீ. ஸ்பானரை மாட்டினால் மாட்டும். துருப்பிடித்த நட்டை ஓங்கித் திருப்பும்போது அந்த 0.3 மி.மீ. இடைவெளியே மூலைகளை வழித்துவிடும். 7/16 இற்கு 11 மி.மீ. நுழையாது, 12 ஆடும். 5/8 இற்கு 16 மி.மீ., 3/4 இற்கு 19 மி.மீ. ஆகியவை ஏறக்குறையப் பொருந்தும். இவ்விரண்டையுங் கொண்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சாதிப்பவர்களை நாம் கண்டிருக்கின்றோம்!

போருக்கு முந்திய கார் வைத்திருப்போர்க்கு விற்வேத் ஸ்பானர் வேண்டும். அதிலே காணும் எண் போல்ட்டுத் தண்டின் குறுக்களவைக் குறிப்பது, தலையின் அளவையன்று. ஆகவே 1/2 விற்வேத் ஸ்பானரின் வாய் ஏறத்தாழ 0.92 அங்குலம். மின்கருவிகளிலுள்ள சிறு திருகாணிகளோ பி.ஏ. எனும் வேறொரு வகை. தொலைந்த திருகாணிக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்டதை முறுக்கி ஏற்றினால் துளையின் புரியே போய்விடும். புதிய தொகுதி ஒன்றை வாங்கும் பணத்தில், மூடிய கராச் ஒன்றின் பழைய ஸ்பானர்கள் சாக்கோடு கிடைக்கலாம். அவற்றையே தெரிந்தெடுங்கள். ஐம்பது ஆண்டு உழைத்தும் வாய் விரியாத ஸ்பானர் நல்ல இரும்பு என்பதற்கு வேறு சான்று வேண்டா. எஞ்சினை இறக்குவதற்குச் சங்கிலிக் கப்பியை இரவல் வாங்கினாற் போதும். அதனைப் பனைவளையிலே தொங்கவிடாது, குழாயாலான முக்காலியிலே தொங்கவிடுக.

எம் பட்டறையிலே விலைமதிப்புள்ள பொருள் யாதெனில், இரண்டு சி.ஆர். கொப்பிகளும் நூற்றுக்கு மேற்பட்ட பால்மா டின்களுமே. கழற்றும் ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளும் தனித்தனி டின்னில்; டின்னுள்ளே பென்சிலால் எழுதிய அட்டை; அதே இலக்கம் கொப்பியிலே. எந்தத் துளையிலிருந்து வந்தது, வாசர் மேலேயா கீழேயா, வயர் எந்தப் பக்கத்தாற் சென்றது என்பன அங்கே எழுதப்படும். பேனையால் எழுதியது ஓயில் பட்டால் அழியும், பென்சில் அழியாது. இப்போது கைத்தொலைபேசியிலே படமெடுக்கலாமே என்பர். எடுத்தோம். எண்ணூறு படங்கள் சேர்ந்தன. முன்கதவின் கண்ணாடியை மீளப் பூட்டிய அன்று, வேண்டிய படத்தைத் தேடி அரைநாள் போயிற்று. கொப்பியிலே மூன்றே வரியிலே விடை இருந்தது. கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் இடையே மாதங்கள் செல்லும். எமக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அதற்குள் உடன்நின்று கழற்றிய முதிய மெக்கானிக் காலமானார். அவர் அன்று சொல்லச் சொல்ல எழுதியவை மாத்திரம் எம்மிடம் இருந்தன. எழுதாமல் விட்டவை அவரோடு போயின. இத்தகைய முதியவர் ஒருவர் அயலிலே இருப்பாராயின், மாணவர்கள் கொப்பியோடு அவரிடம் செல்லுதல் நன்று.

அவர் எமக்குக் காட்டியவற்றுள் ஒன்று ‘ட்றனியன்’. முன்சில்லைத் தாங்கும் தண்டின் கீழ்முனையிலே புரியோடு பொருந்தி நிற்கும் பித்தளை நிறத் தாங்கி அது. சில்லு திரும்புந்தோறும் அந்தப் புரியிலேயே தண்டு சுழலும். கிறீஸ் இன்றித் தேய்ந்தால் ஒருநாள் புரி நழுவும். சில்லு மடிந்து கார் தரையிலே குந்தும். ஓடும் வேகத்தைப் பொறுத்தது ஓட்டுபவரின் விதி. இடப்புறத் தாங்கியும் வலப்புறத் தாங்கியும் எதிரெதிர்ப் புரி உடையன என்பதால் அவற்றையும் தனித்தனி டின்னிலேயே இடுக. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்தால் இது வாராது. வெளித்தகட்டை மினுக்கி விழாவுக்கு ஓட்டிச் செல்வோர் இதனைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. தகடோ எப்படியும் கிடைக்கும். 1990களில் எம் நாட்டின் காலியிலேயே மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினர்.

வேறு சிலவற்றைச் சுருங்கச் சொல்வோம். இக்காரிலே பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும். இக்காலத்துக் கார்களுக்கு இது எதிர்மாறு. பழைய பிறேக் கட்டைகளிலே கல்நார் உண்டு. அத்தூசைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியாலே துடைத்தெடுக்க வேண்டும். பெற்றோல் தாங்கியை வீட்டிலே வெல்டிங் செய்யாதீர்கள். வெறுமையான தாங்கியே நிறைந்த தாங்கியிலும் கொடியது. உள்ளே நிற்பது ஆவி.

பட்டறையைப் பேணுவது கருவி துடைப்பதிலே தொடங்குகின்றது. கடற்காற்று இரவோடிரவாகத் துருவைக் கொண்டுவரும். மாலையிலே ஓயில் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது எமக்கு விளக்கேற்றுவதுபோல வழக்கமாயிற்று. சிந்திய ஓயிலுக்கு மரத்தூள் போடுக. கழிவு ஓயிலை வேலியோரத்தில் ஊற்றும் பழக்கம் எம்மிடமும் இருந்தது. எம் நிலம் சுண்ணாம்புக்கல்; மேலே ஊற்றியது வெடிப்புகளினூடே கீழிறங்கும், கீழே இருப்பது நாம் குடிக்கும் நீர். 2010களிலே சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியைக் கேட்ட பின்னரே எமக்கு உறைத்தது. இப்போது மூடியுள்ள பீப்பா ஒன்றிலே சேர்த்து, எடுப்பாரிடம் கொடுத்துவிடுகின்றோம்.

அதே சுண்ணாம்புக்கல் றேடியேற்றரையும் விட்டுவைக்காது. கிணற்று நீரை விட்டால் கேத்தலின் அடியிலே படிவதுபோல உள்ளே வெண்படிவு கட்டி, கோடையிலே எஞ்சின் கொதிக்கும். எமது மைனரின் எஞ்சினைத் திறந்தபோது நீர் செல்லும் வழியிலிருந்து ஒரு சிரட்டை நிறையச் சுண்ணாம்பு சுரண்டினோம். அதன்பின் கொட்டிலின் தகரக் கூரையிலே பீலி பொருத்தி, முதல் மழையைப் போகவிட்டு, இரண்டாம் மழையின் நீரைப் பிடித்துப் போத்தல்களிலே அடைத்து வைத்திருக்கின்றோம். ஆண்டுக்கு எட்டுப் போத்தல் போதும்.