வால்டன் வீட்டு அப்பா எங்கே வேலை பார்த்தார்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி.

அமெரிக்காவில் இன்று அறுபதைத் தாண்டியவர்களிடம் சிறுவயதில் பார்த்த டிவி தொடர்களைப் பற்றிக் கேட்டால், பலரும் ஒரே காட்சியில் வந்து நிற்பார்கள். ராத்திரி நேரம். பலகை அடித்துக் கட்டிய இரண்டடுக்கு வீடு. கேமரா வாசலுக்கு வெளியே தள்ளி நிற்கிறது. யார் முகமும் தெரியாது. ஜன்னல் வெளிச்சமும் குரல்களும்தான். அக்கா தம்பிக்கு குட் நைட் சொல்வாள், தம்பி அம்மாவுக்கு, அம்மா மூத்தவன் ஜான்-பாய்க்கு. வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக வரும். விளக்கு அணையும். அன்றைய அத்தியாயம் அவ்வளவுதான்.

தொடரின் பெயர் ‘தி வால்டன்ஸ்’. 1972 செப்டம்பரில் சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கி 1981 வரை ஓடியது, 221 அத்தியாயங்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ப்ளூ ரிட்ஜ் மலையை ஒட்டிய ஒரு கற்பனைக் கிராமம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள். மூத்தவனுக்கு எழுத்தாளனாக ஆசை. கதை 1933-இல் ஆரம்பிக்கிறது.

அந்த 1933-தான் இடிக்கிறது. அமெரிக்கா கண்ட மிகக் கெட்ட வருடங்களில் ஒன்று அது. வேலைக்குப் போகக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூழ்கியிருந்தன. ரூஸ்வெல்ட் மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்றார். அடுத்த இரண்டே நாளில் நாட்டின் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக இழுத்து மூட வேண்டி வந்தது. இப்படியொரு காலத்தை, நாற்பது வருடம் கழித்து, வயிறு நிறைந்த ஒரு தேசம் வியாழக்கிழமை தவறாமல் உட்கார்ந்து ஏன் ரசித்துப் பார்த்தது?

வியட்நாம் போர், வாட்டர்கேட் ஊழல், பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவே நிம்மதி தேடினார்கள் என்று வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் அது பார்த்தவர்களைப் பற்றிய பதில். எழுதியவரைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

எழுதியவர் ஏர்ல் ஹாம்னர். 1923-இல் வர்ஜீனியாவின் ஸ்கைலர் என்ற ஊரில் எட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஸ்கைலரில் பிழைப்பு என்றால் மாக்கல் சுரங்கம்தான். நம்மூர்க் கல்சட்டி செய்கிற அதே மாக்கல். பொருளாதார மந்தம் வந்தது, சுரங்கத்தை நடத்திய கம்பெனி மூடியது. ஹாம்னரின் அப்பாவுக்குக் கடைசியில் வேலை கிடைத்த இடம் சுமார் 30 மைல் தள்ளி, வெய்ன்ஸ்பரோவில் டூபாண்ட் தொழிற்சாலை. தினமும் போய்வர முடியாது. வாரம் முழுக்க அங்கேயே ஒரு விடுதியில் தங்குவார். வார இறுதியில் பஸ் பிடித்து வந்து, இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஆறு மைல் நடப்பார். 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பனி கொட்டியது. ஆள் வந்து சேரவில்லை. வீடு காத்திருந்தது. அப்போது ஹாம்னருக்குப் பத்து வயது. அந்த இரவைத்தான் பிற்பாடு நாவலாக எழுதினார். 1971-இல் அது ‘தி ஹோம்கமிங்’ என்ற தொலைக்காட்சிப் படமானது. படம் பிடித்துப்போகவே தொடருக்கு வழி பிறந்தது.

இப்போது தொடரில் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று பாருங்கள். வீட்டை ஒட்டியே மரம் அறுக்கும் மில். தாத்தாவும் அவருமாக மரம் அறுப்பார்கள். பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கொடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் மேசையின் தலைமாட்டில் இருப்பார். குட் நைட் சொல்லும் குரல்களில் அவர் குரலும் வரும். நிஜ வீட்டில் வார நாட்களில் அந்தக் குரல் மட்டும் இல்லை.

மந்தம் அந்தக் குடும்பத்திடமிருந்து பறித்த ஒன்றை மட்டும் மகன் கதையில் திருப்பி வைத்துவிட்டான். மற்றபடி ஏழ்மையை அப்படியே விட்டான். அந்தத் தொடரை நினைத்து உருகுகிறவர்கள் ஏழ்மைக்காக உருகவில்லை என்பது என் கட்சி. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதற்குத்தான் உருகுகிறார்கள். அது 1933-இல் பல வீடுகளில் இல்லாத ஒன்று.

ஏழ்மை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், தொடரில் அது சரியாகவே இருக்கிறது. வால்டன் வீட்டில் பட்டினி கிடையாது. பசு இருக்கிறது, கோழி இருக்கிறது, தோட்டத்துக் காய்கறியைப் பாட்டியும் அம்மாவும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைக்கிறார்கள். இல்லாதது ரொக்கம். டாக்டருக்குக் காசு, செருப்புக்குக் காசு, வரி கட்டக் காசு. மந்தத்தில் விலைவாசியும் இறங்கியது; இறங்கினால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். 1929-க்கும் 1933-க்கும் இடையில் அங்கே விளைபொருள் விலை பாதிக்கும் கீழே போனது. ஆனால் வாங்கிய கடன் இறங்கவில்லை. நூறு டாலர் கடன் நூறு டாலராகவே நின்றது. அதை அடைக்க முன்பு ஒரு வண்டிச் சோளம் போதும் என்றால் இப்போது இரண்டு வண்டி வேண்டும். உழைப்பு அதே உழைப்பு, கடன் மட்டும் ஊதிக்கொண்டே போனது. அதனால்தான் தொடரில் வரும் ஐக் காட்ஸியின் மளிகைக் கடையில் பற்று நோட்டு அத்தனை முக்கியம். தீவனம் வந்த சாக்குத் துணியில் அந்தக் காலத்துப் பெண்கள் கவுன் தைத்துக்கொண்டதும் இதனால்தான்; தீவனக் கம்பெனிகளே பூப்போட்ட துணியில் மூட்டை கட்டி அனுப்ப ஆரம்பித்தன. ரூஸ்வெல்ட் அரசு காட்டு வேலைக்கு இளைஞர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. மலைக் கிராமத்து வீடுகளில் பலவற்றுக்கு ரொக்கம் என்று வந்தது அதுதான்.

இந்த மந்தம் நம்மவர்களையும் விடவில்லை. அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது, டயருக்கு ரப்பர் தேவைப்படவில்லை, மலாயாவில் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1930-க்கும் 1932-க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கப்பல்களிலும் பத்து வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரும் வளர்ந்து தொலைக்காட்சிக்கு எழுதியதாகத் தெரியவில்லை.

தொடருக்குத் திரும்புவோம். எல்லாவற்றையும் அது சர்க்கரைப் பாகில் போட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. வெர்டி என்ற கறுப்பினப் பெண்மணி, மகளின் பட்டமளிப்பு நெருங்கும்போது, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மறைத்து ஜான்-பாயிடம் ரகசியமாகப் பாடம் கேட்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. அதை எழுதிய ஜான் மக்ரீவிக்கு எம்மி விருது கிடைத்தது. மலைமேல் சாலை போட அரசு நிலத்தை எடுத்தபோது ஒரு கிழவி வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று மல்லுக்கு நின்ற கதையும் உண்டு. அது வெறும் கற்பனை அல்ல. ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்காக அதே மலைத்தொடரில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை நிஜமாகவே வெளியேற்றினார்கள். என்றாலும், நிறவெறிச் சட்டம் கோலோச்சிய 1930-களின் வர்ஜீனியா இவ்வளவு நாகரிகமாக இருந்திருக்காது. அந்த இடத்தில் தொடர் பூசி மெழுகுகிறது.

சாராயம் காய்ச்சும் பால்ட்வின் சகோதரிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காலஞ்சென்ற அப்பா விட்டுப்போன ‘செய்முறை’ என்று சொல்லிக்கொண்டு, கோப்பையில் ஊற்றி விருந்தாளிக்குக் கொடுக்கும் அந்த இரண்டு சீமாட்டிகள் அலாதி.

தாத்தாவாக நடித்த வில் கியரைப் பற்றி ஒரு வார்த்தை. வாராவாரம் அமெரிக்கக் குடும்ப மதிப்பின் முகமாக வந்த அந்த மனிதர், நிஜமான 1930-களில் தொழிற்சங்க மேடைகளில் நின்ற இடதுசாரி. பாடகர் வுடி கத்ரியோடு, பிழைப்பைத் தேடி வந்த தொழிலாளர்களின் முகாம்களுக்குப் போனவர். 1950-களில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்து, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தார். மந்தத்தின் இன்னொரு பக்கத்தை அந்த வீட்டில் அறிந்திருந்தவர் அவர்தான். வசனத்தில் அதற்கு இடமில்லை.

1992 ஜனவரியில் அதிபர் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸ் குடும்பத்தைப் போல இல்லாமல் வால்டன் குடும்பத்தைப் போல இருக்க வேண்டும் என்று பேசினார். சில நாளிலேயே ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் அந்தக் குடும்பத்துப் பையன் பார்ட் பதில் சொன்னான்: நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், மந்தம் முடியட்டும் என்று நாங்களும் பிரார்த்தனை பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று. அப்போது நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம். தொடரை ஒழுங்காகப் பார்த்தவன் பார்ட்தான் என்று எனக்குத் தோன்றும்.

221-ஐயும் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒன்றே ஒன்று பார்ப்பதாக இருந்தால் 1971-இன் ‘தி ஹோம்கமிங்’ படத்தைப் பாருங்கள். பிள்ளைகளும் பாட்டியும் தொடரில் வருகிறவர்களேதான். அப்பா, அம்மா, தாத்தா வேறு நடிகர்கள். பஸ் ஒன்று விபத்தில் சிக்கிய செய்தி ரேடியோவில் வருகிறது, அம்மா அடுப்படியில் கையைப் பிசைகிறாள், மூத்தவனைத் தேடிவரச் சொல்லி அனுப்புகிறாள். அப்பா படத்தின் கடைசியில்தான் வருவார். பிறகு தொடரை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம்.