21 வருடம் காத்திருந்த ஐ/ஓ: பாட்டுச் சேதியைக் கம்ப்யூட்டர் கவனிக்கட்டும்

இன்புட்/அவுட்புட் என்பதைச் சுருக்கி ஐ/ஓ என்று எழுதுவது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒன்று. கீபோர்டில் தட்டுவது இன்புட். மானிட்டரில் தெரிவது அவுட்புட். இந்த இரண்டு எழுத்தையே ஒரு பாட்டு ஆல்பத்துக்குப் பெயராக வைத்தவர் இங்கிலாந்தின் பீட்டர் கேப்ரியல். பெயரை வைத்துவிட்டு, ஆல்பத்தைத் தர 21 வருடம் எடுத்துக் கொண்டார்!

உங்களுக்கும் இப்படி ஒரு அபிமானப் பாடகர் இருக்கலாம். வருடக்கணக்கில் ஆல்பம் வராது. திடீரென்று ஒரு நாள் வரும். அன்று உங்களுக்குச் சேதி தெரியாமல் போய்விடும். தினமும் பத்துத் தளங்களைத் திறந்து பார்த்துக் கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாம். எப்படி என்பதைக் கேப்ரியலின் கதையை வைத்தே பார்ப்போம். ஏனென்றால் சேதியை எதிர்பார்ப்பது, சேதி கிடைப்பது, வாங்கிய பாட்டைப் பத்திரப்படுத்துவது ஆகிய எல்லாச் சிக்கலும் அவர் ஒருவரிடமே இருக்கின்றன.

முதலில் ஆளைப் பற்றி. 1950-ல் பிறந்தவர். ஜெனிசிஸ் குழுவில் பாடி, 1975-ல் அதிலிருந்து விலகியவர். 1986-ல் வந்த 'சோ' ஆல்பமும் அதிலிருந்த 'ஸ்லெட்ஜ்ஹாமர்' பாட்டும் அவரை உலகம் முழுக்கக் கொண்டு போயின. 1989-ல் வந்த 'பேஷன்' ஆல்பத்தில் இரட்டை வயலின் வாசித்த எல். சங்கர் நம் சென்னையில் பிறந்தவர். கேப்ரியலுக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசை அதிகம். சிடி-ராம் புதிதாக வந்த காலத்திலேயே, 1993-ல், 'எக்ஸ்ப்ளோரா 1' என்ற மல்டிமீடியா டிஸ்க்கை வெளியிட்டார்.

2002-ல் 'அப்' என்ற ஆல்பம் வந்தது. அடுத்தது ஐ/ஓ என்று அப்போதே பேச்சு. வரவில்லை. 2010-ல் பிறர் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம் தந்தார். 2011-ல் தன் பழைய பாட்டுகளை ஆர்கெஸ்ட்ராவுடன் பாடி இன்னொன்று தந்தார். புதிதாக அவரே எழுதிய பாட்டுகள் கொண்ட முழு ஆல்பம் மட்டும் வரவே இல்லை. நடுநடுவே கச்சேரிகள், மனித உரிமை வேலைகள், அவ்வப்போது ஒரு தனிப்பாட்டு. ரசிகர்கள் வதந்தியை நம்பி ஏமாறுவதற்கு இதைவிட நல்ல சூழ்நிலை வேண்டுமா?

பௌர்ணமிக்கு ஒரு பாட்டு

கடைசியில் 2023-ல் விடிவு வந்தது. அதுவும் விசித்திரமான முறையில். ஆல்பத்தை மொத்தமாகத் தராமல், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டு என்று வெளியிட்டார். ஜனவரி 6-ந் தேதி முதல் பாட்டு 'பனாப்டிகாம்'. நவம்பர் 27-ந் தேதி பன்னிரண்டாவது பாட்டு. டிசம்பர் 1-ந் தேதி முழு ஆல்பம். 2015-லிருந்து உலகம் முழுவதும் புதிய பாட்டுகளை வெள்ளிக்கிழமையில் வெளியிடுவதுதான் வழக்கம். இவர் நிலாவைப் பார்த்துத் தேதி குறித்தார். ரசிகருக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. அடுத்த பாட்டு எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் வீட்டுத் தினசரி காலண்டரே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பௌர்ணமித் திதி முடியும் நேரமும் வானியல்படி நிலா முழுமையடையும் நேரமும் ஒன்றுதான். அந்த நேரம் உலகம் முழுக்க ஒரே கணம் என்றாலும் தேதி ஊருக்கு ஊர் மாறும். 2023 ஜனவரியில் கிரீன்விச் நேரப்படி 6-ந் தேதி இரவு 11 மணி 8 நிமிடத்துக்குப் பௌர்ணமி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நமக்கு 7-ந் தேதி காலை 4 மணி 38 நிமிடம். ஆகஸ்டிலும் இப்படித்தான். அங்கே 1-ந் தேதி மாலை, நமக்கு நள்ளிரவைத் தாண்டி 2-ந் தேதி. (வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்தும் நேரம் சற்று மாறும். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.)

கம்ப்யூட்டர் காலண்டரில் குறித்து வைக்க நினைப்பவர்கள் 'மாதந்தோறும்' என்ற ரிப்பீட் வசதியைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29½ நாட்கள்தான். நான்கைந்து மாதத்தில் தேதி விலகிப் போய்விடும். கூகுள் காலண்டர் வைத்திருந்தால், இடது பக்கம் 'அதர் காலண்டர்ஸ்' என்பதன் அருகில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து, 'பிரவுஸ் காலண்டர்ஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் 'பேசஸ் ஆஃப் தி மூன்' என்று இருக்கும். அதில் டிக் செய்தால் பௌர்ணமி, அமாவாசை எல்லாம் உங்கள் காலண்டரில் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

சேதி உங்களைத் தேடி வர

எல்லாப் பாடகர்களும் நிலாவைப் பார்த்து வேலை செய்வதில்லை. மற்றவர்களுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீட்தான் நல்ல வழி. ஒரு தளத்தில் புதிதாக எது சேர்ந்தாலும் அதன் தலைப்பையும் லிங்க்கையும் ஒரு சிறிய பைலில் எழுதி வைப்பார்கள். உங்கள் ரீடர் புரோகிராம் அந்த பைலை அடிக்கடி எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் காட்டும். அவ்வளவுதான் சங்கதி. உங்கள் இ-மெயில் முகவரியைக் கூட யாருக்கும் தர வேண்டியதில்லை.

தண்டர்பேர்டு மெயில் புரோகிராமிலேயே இந்த வசதி உண்டு. மெனுவில் 'நியூ' என்பதில் 'ஃபீட் அக்கவுண்ட்' என்று ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். பிறகு அதன் மேல் ரைட் கிளிக் செய்து, 'சப்ஸ்க்ரைப்' பகுதிக்குச் சென்று, ஃபீட் முகவரியை பேஸ்ட் செய்து 'ஆட்' கொடுங்கள். தளத்தில் ஃபீட் ஐகான் தெரியவில்லை என்றால் கண்ட்ரோல்+யு அழுத்தி, சோர்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். பல தளங்களில் முகவரி அங்கே ஒளிந்திருக்கும். யூ-டியூப் சேனல்களுக்கும் ஃபீட் உண்டு. பாடகரின் சேனல் முகவரியை ஃபீட்லி போன்ற ரீடரில் கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துக் கொள்ளும்.

2013 ஜூலை 1-ந் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டது நினைவிருக்கலாம். பட்டியலை முன்பே எடுத்து வைக்காதவர்கள் பல வருடமாகச் சேர்த்ததை இழந்தார்கள். எனவே எந்த ரீடரைப் பயன்படுத்தினாலும், வருடத்துக்கு ஒரு முறையாவது 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஓபிஎம்எல் என்ற பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள். அதை வேறு எந்த ரீடரிலும் ஏற்றிக் கொள்ளலாம்.

ஃபீட் இல்லாத தளம் என்றால் நியூஸ் லெட்டர். இதில் ஒரு தொல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் மெயில் என்பதால் ஸ்பேம் போல்டரில் போய் விழுந்துவிடும். ஜிமெயிலில் தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள ஐகானைக் கிளிக் செய்து, 'ஃப்ரம்' கட்டத்தில் அனுப்புபவரின் முகவரியைக் கொடுத்து, 'கிரியேட் ஃபில்டர்' அழுத்துங்கள். அடுத்து வரும் பட்டியலில் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்', 'ஸ்டார் இட்' இரண்டையும் டிக் செய்யுங்கள். கூகுள் அலர்ட்ஸ் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. சேதியைவிட வதந்தியைத்தான் அதிகம் கொண்டு வந்து கொட்டுகிறது.

போல்டரில் வந்த குழப்பம்

ஐ/ஓ ஆல்பத்தில் இன்னொரு வினோதம். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேரிடம் கொடுத்துத் தனித்தனியாக மிக்ஸ் செய்ய வைத்தார் கேப்ரியல். மார்க் 'ஸ்பைக்' ஸ்டென்ட் செய்தது 'பிரைட்-சைட்'. சாட் பிளேக் செய்தது 'டார்க்-சைட்'. பௌர்ணமியன்று ஒன்று, பிறகு அமாவாசையை ஒட்டி மற்றொன்று என்று வந்தன. அதாவது 12 பாட்டு, 24 பைல். இது தவிர டால்பி அட்மாசில் ஹான்ஸ்-மார்ட்டின் பஃப் செய்த 'இன்-சைட்' மிக்ஸ் வேறு. அந்த மூன்றாவதுதான் 2025-ல் கிராமி விருது வாங்கியது.

பாட்டின் பெயர் ஒன்று, மிக்ஸ் இரண்டு என்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன ஆகும்? பிளேயர் இரண்டையும் ஒரே ஆல்பமாக நினைத்து, ஒவ்வொரு பாட்டையும் அடுத்தடுத்து இரண்டு முறை பாடும். இதற்கு எம்பி3டேக் என்ற இலவச புரோகிராம் போதும். பிரைட்-சைட் பைல்கள் பன்னிரண்டையும் செலக்ட் செய்து, 'ஆல்பம்' கட்டத்தில் பெயருடன் பிரைட் என்று சேர்த்து, கண்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். டார்க்-சைட் பைல்களுக்கும் இதேபோல் செய்யுங்கள். இனி இரண்டும் தனித்தனி ஆல்பமாகத் தெரியும்.

ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு வில்லங்கம் இருப்பது எனக்குப் போல்டர் உண்டாக்கும்போதுதான் தெரிந்தது. ஐ/ஓ என்று டைப் செய்தால் நடுவில் உள்ள சாய்வுக் கோட்டை விண்டோஸ் ஏற்காது! பைல், போல்டர் பெயர்களில் வரக்கூடாத ஒன்பது குறிகளில் அதுவும் ஒன்று. டவுன்லோட் செய்யும்போது அந்தக் கோடு அண்டர்ஸ்கோராக மாறியிருக்கலாம், அல்லது காணாமலே போயிருக்கலாம். கோட்டோடு தேடிவிட்டு, பாட்டு அழிந்துபோனது என்று அரை நாள் புலம்பியவன் நான்.

பார்மட் பற்றியும் சொல்ல வேண்டும். 70 நிமிட இசை சிடியில் உள்ளபடியே என்றால் சுமார் 740 எம்பி இடம் பிடிக்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 170 எம்பிக்குள் அடங்கும். எம்பி3 சில ஒலிகளை நிரந்தரமாக வெட்டி எறிந்துதான் இப்படிச் சுருக்குகிறது. ஃப்ளாக் பார்மட் எதையும் எறியாமல், ஜிப் செய்வது போல ஏறத்தாழ பாதி அளவுக்குச் சுருக்கும். சாதாரண ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் ஃப்ளாக் பைலையே வாங்குங்கள். ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்து கொள்ளலாம். எம்பி3-யிலிருந்து பழைய ஒலியைத் திரும்பப் பெற முடியாது.

வாங்கியது உங்களுடையதா?

இதைக் கேப்ரியலின் சொந்தக் கம்பெனியின் கதையே காட்டும். 1999-ல் ஓடி2 என்ற ஆன்லைன் பாட்டு விற்பனைக் கம்பெனியை சார்லஸ் கிரிம்ஸ்டேல் என்பவருடன் சேர்ந்து தொடங்கினார். ஐரோப்பாவில் பல கடைகளுக்குப் பின்னால் இருந்து இயங்கியது இதுதான். பைல்கள் விண்டோஸ் மீடியா பார்மட்டில், டிஆர்எம் என்ற பூட்டுடன் வந்தன. பூட்டைத் திறக்கும் லைசென்ஸ் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கும். விண்டோசை மறுபடி இன்ஸ்டால் செய்தால் லைசென்சைப் புதிதாகப் பெற வேண்டும். தருவதற்கு சர்வர் இருக்கும்வரைதான் அது கிடைக்கும். ஓடி2-வை 2004-ல் லவுட்ஐ வாங்கியது. லவுட்ஐ-யை 2006-ல் நோக்கியா வாங்கியது. இன்று பழைய கடைகள் இல்லை. லைசென்சைத் தொலைத்த பைல் டிஸ்க்கில் இருக்கும், பாடாது.

கேப்ரியலே பிறகு இதற்கு மாறாகப் போனார். அவருடைய ரியல் வேர்ல்டு ஸ்டூடியோவும் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஸ்பீக்கர் கம்பெனியும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய திட்டத்தில் பூட்டு இல்லாத, ஒலி குறையாத பைல்கள் தரப்பட்டன. ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்றுதான் நான் சொல்வேன். வாடகை வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 21 வருடம் காத்திருந்து வந்த ஆல்பத்தை அங்கே மட்டும் வைக்க எனக்கு மனம் வராது. பூட்டில்லாத பைலை வாங்கி ஒரு பிரதி வெளி டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன்.

போலிகள்

நீண்ட நாள் காத்திருக்கும் ரசிகர்தான் சுலபமாக ஏமாறுவார். 'வெளிவராத ஆல்பம், இங்கே கிளிக் செய்யுங்கள்' என்றால் கை தானாகப் போகும். இறங்கும் பைலின் பெயர் எம்பி3 என்று முடிவது போலத் தெரியும். அதற்குப் பின்னால் இஎக்ஸ்இ என்று இன்னொரு வால் இருக்கும். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருப்பதால் தெரியாது. விண்டோஸ் 11-ல் போல்டரைத் திறந்து, 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் செய்துவிடுங்கள். பாட்டு பைல் ஒருபோதும் இஎக்ஸ்இ ஆக இருக்காது.

இப்போது புதிதாக இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ஏஐ கொண்டு உண்டாக்கிய பாட்டுகளை, ஸ்ட்ரீமிங் தளங்களில் உண்மையான பாடகரின் பக்கத்திலேயே யாரோ ஏற்றிவிடுகிறார்கள். இறந்துபோன பாடகர்களின் பக்கங்களில் கூட 2025-ல் இப்படிப் 'புதிய' பாட்டுகள் வந்தன. பக்கம் உண்மையானது, பாட்டு போலி. நண்பர் அனுப்பிய லிங்க் என்றாலும் அவசரப்படாமல், பாடகரின் சொந்தத் தளத்தில் அந்தப் பாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து உங்களுக்கு ஃபீட் வந்து கொண்டிருந்தால் தளத்தைத் திறக்கக் கூட வேண்டாம். ரீடரில் பாட்டின் பெயரைத் தேடினால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.