கருவியின் நீளமும் திரையில் தோன்றும் எண்ணும்

எண்களால் கட்டுப்படுத்தப்படும் மில்லிங் இயந்திரம் 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. நம் நாட்டில் 1953-இல் எச்.எம்.டி. நிறுவனமும், 1962-இல் பெங்களூரில் மத்திய இயந்திரக் கருவிகள் நிறுவனமும் தோன்றி, இத்துறைக்கு அடித்தளம் அமைத்தன. இன்று சிறு தொழிற்பேட்டைகளிலும் சி.என்.சி. இயந்திர மையங்கள் இயங்குகின்றன. ஆனால், இயந்திரத்தை வாங்குவது வேறு; அதன் எண்களைப் புரிந்து இயக்குவது வேறு. புதிதாகப் பயில்வோர் பெரிதும் இடறும் இடம், கருவி நீளத் திருத்தம் ஆகும். பட்டறைகளில் இது 'டூல் ஆஃப்செட்' என வழங்கும்.

திருத்தம் ஏன் தேவை?

ஓர் இயந்திர மையத்தின் கருவிக் கிடங்கில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் இருக்கலாம். அவை ஒரே நீளமுடையவை அல்ல. இயந்திரம் அறிவதோ ஸ்பிண்டிலின் முகப்பு இருக்கும் இடத்தை மட்டுமே. அதில் பொருத்திய கருவியின் முனை எங்கே உள்ளது என்பதை அது தானாக அறியாது. அதை எண்ணாகக் குறித்துத் தருவது தொழிலாளியின் கடமை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஸ்பிண்டில் மேலே தன் தொடக்க நிலையில் நிற்கும்போது, அதன் முகப்பிலிருந்து ஜாபின் மேற்பரப்பு 500 மி.மீ. கீழே உள்ளது. முதற்கருவியின் நீளம் 120 மி.மீ.; இரண்டாவதான டிரில்லின் நீளம் 185 மி.மீ. ஜி 54 பதிவில் இசட் அச்சுக்கு −500 எனவும், எச் 1-இல் 120 எனவும், எச் 2-இல் 185 எனவும் பதியப்படுகின்றன. நிரலில் 'ஜி 43 எச் 1 இசட் 5' என வந்தால், முகப்பு −375 என்ற நிலைக்கு இறங்கும். முனை ஜாபுக்கு மேலே 5 மி.மீ. தொலைவில் நிற்கும். டிரில்லுக்கு எச் 2 வழங்கினால் முகப்பு −310-இல் நிற்கும். முனையின் உயரம் அதே 5 மி.மீ. நிரலை எழுதுபவர் கருவியின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை.

மற்றொரு முறையும் உண்டு. கருவியின் முனை ஜாபைத் தொடும்வரை தொடக்க நிலையிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதையே பதிவது அது. அப்போது எச் 1 −380, எச் 2 −315. ஜி 54-இல் இசட் மதிப்பு சுழியம். இரு முறைகளும் சரியானவையே. ஒரே பட்டறையில் இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து.

நான்கு நிலைகாட்டிகள்

திரையில் பொதுவாக நான்கு வகை எண்கள் தோன்றும். இயந்திர நிலை, தொடக்கப் புள்ளியிலிருந்து அச்சு நகர்ந்த தொலைவைக் காட்டும். வேலை நிலை, ஜாபைச் சார்ந்த இடத்தைக் காட்டும். சார்பு நிலை, தொழிலாளி விரும்பிய இடத்தில் சுழியமாக்கி அளப்பதற்கு உதவும். எஞ்சிய தொலைவு, நடப்புக் கட்டளை முடிய இன்னும் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கூறும்.

குழப்பம் வேலை நிலையில்தான் எழுகிறது. திருத்தம் செயற்படும்போது அது பெரும்பாலும் முனையின் இடத்தைக் காட்டும். திருத்தம் நீங்கியதும் முகப்பின் இடத்தைக் காட்டக்கூடும். ஆகவே, அச்சு அசையாமலே 5 என்ற எண் 125 ஆக மாறலாம். இந்த ஏற்பாடு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். சில இயந்திரங்களில் ஜி 49 கட்டளை அச்சையே நகர்த்திவிடும், 120 மி.மீ. கருவி அவ்வளவும் கீழே இறங்கும். எனவே ஜாபுக்கு அருகில் திருத்தத்தை நீக்கலாகாது.

தவற்றை முன்கூட்டி அறிதல்

டிரில்லுக்குத் தவறுதலாக எச் 1 வழங்கப்பட்டது எனக் கொள்வோம். அதன் முனை ஜாபுக்கு மேல் 5 மி.மீ. தொலைவில் நிற்பதற்கு மாறாக, மேற்பரப்புக்கு 60 மி.மீ. கீழே செல்ல முயலும். விரைவு நகர்வில் இது நேர்ந்தால், கருவி முறியும். ஸ்பிண்டிலின் தாங்கிகள் பழுதுறும். சிதறும் துண்டுகள் அருகில் நிற்போரைக் காயப்படுத்தலாம்.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. முதல் ஓட்டத்தில் வேகத்தைக் குறைத்து, முனை ஜாபுக்கு 55 மி.மீ. மேலே வந்ததும் நகர்வை நிறுத்த வேண்டும். எஞ்சிய தொலைவு 50 எனக் காட்டினால் பதிவு சரி. 115 எனக் காட்டினால், எச் எண்ணில் 65 மி.மீ. பிழை உள்ளது என்பது உறுதி. சாதாரண எஃகு அளவுகோல் ஒன்றே இச்சோதனைக்குப் போதுமானது.

திரை 0.001 மி.மீ. வரை காட்டுவதால் வேலையும் அத்தனை நுட்பமாக அமையும் என எண்ணுவதும் தவறாகும். அது அச்சின் இடத்தைக் காட்டும் எண்ணே அன்றி, தேய்ந்த முனையின் அளவன்று. தேய்மானத்தைத் தனிப் பதிவில் சேர்த்து அவ்வப்போது திருத்த வேண்டும்.

இயந்திரங்களுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்கள் கருவி நீளம் அளக்கும் சாதனத்தையும் பயிற்சிக் காலத்தையும் மதிப்பீட்டில் சேர்ப்பது நலம். பயிற்சி நிலையங்களில் எந்த அளவீட்டு முறை கைக்கொள்ளப்படுகிறது என்பதை ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் எழுதி வைத்தல் வேண்டும். இயந்திரம் தனக்குத் தரப்பட்ட எண்ணுக்கு மட்டுமே கீழ்ப்படியும். அந்த எண் சரியா என்று பார்க்கும் பொறுப்பு மனிதனுடையதே.