கிளினிக் கொப்பியில் இல்லாத நித்திரை

சோற்றில் கை இருக்கும்போதே கண் சொருகிவிடுகிறது. கதைத்துக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நித்திரையாகிறார். "அப்புவுக்கு வயது போட்டுது" என்று வீட்டார் பாயை விரித்துவிடுகிறார்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ளவரிடம் இதை வயதின் கணக்கில் எழுதுவதுதான் முதல் பிழை. விழிப்பைக் காக்கும் மூளைப் பகுதிகளை அந்த நோயே கெடுக்கிறது. அதற்கான குளிசைகளும் நித்திரையைக் கூட்டுகின்றன; பிரமிபெக்சோல், ரொபினிரோல் இரண்டும் கூடுதலாக, லெவோடோபாவும் சிலருக்கு.

1999இல் அமெரிக்க மருத்துவர்கள் எட்டு நோயாளரைப் பற்றி எழுதினார்கள். எட்டுப் பேரும் அந்த முதல் இரு மருந்துகளில் ஒன்றை எடுத்தவர்கள். வாகனம் ஓட்டும்போதே நித்திரையாகி விபத்துக்குள்ளானவர்கள். ஐந்து பேருக்கு முன்னறிகுறி எதுவுமே இருக்கவில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்தில் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் வாய்க்கால் கரையும் விறகடுப்பும் அன்றாடம். சாரதி அனுமதிப்பத்திரம் பையில் இருக்கிறது என்பது பதிலாகாது. அதற்கான மருத்துவச் சான்றிதழ் பரிசோதித்த நாளின் உடல்நிலையை மட்டுமே சொல்லும். பகலில் கண் சொருகுபவரிடமிருந்து சாவியை இன்றே வாங்குங்கள். குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செய்யவேண்டியது கிளினிக் கொப்பியில் தொடங்குகிறது. பல வீடுகளில் மகனோ மருமகளோ கொப்பியை மட்டும் கொண்டுபோய், "அதே மருந்து" என்று வாங்கி வருகிறார்கள். நோயாளியைக் காணாமலே அதே மருந்தை எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. வரிசை நீளம் என்பது இதற்குச் சாட்டாகாது. நோயாளி போகவேண்டும், நித்திரையை நேரில் பார்த்தவரும் கூடப் போகவேண்டும். அதற்கு முன் இரண்டு கிழமைக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: குளிசை எடுத்த நேரம், நித்திரையான நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், சாப்பிட்டு எவ்வளவு நேரம், இரவில் எத்தனை தரம் எழும்பினார், குறட்டை உண்டா. கடையில் வாங்கிய பிரிட்டோன் உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போடுங்கள். தடிமனுக்கு எடுக்கும் அந்தக் குளிசையும் நித்திரை தரும். படுக்கவைத்தும் எழுப்பி நிறுத்தியும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பகல் நித்திரையை அளக்கும் எப்வர்த் அளவுகோலின் எட்டுக் கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். 24 புள்ளியில் 10க்கு மேல் வந்தால் பகல் நித்திரை மிகை. அக்கராயன் வைத்தியசாலையில் காட்டினால், கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கோ கடிதம் வேண்டுமா என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதைக் கொப்பியில் எழுதுவித்த பிறகே எழும்புங்கள்.

மறுபடியும்: பார்க்கின்சன் குளிசையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, அறிவு தடுமாறி உயிராபத்து வரலாம். அப்படி ஆனால் உடனே 1990 அம்புலன்ஸ். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் வைத்தியர் படிப்படியாகச் செய்வது. மாற்றிய பிறகும் அந்தத் தாளை இரண்டு கிழமை எழுதி, அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். அதுவரை சாவி வீட்டாரிடமே இருக்கட்டும்.